ஜாகுவார் ஈ-டைப் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்தது? அசல் விவரங்களைத் தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1961 மார்ச் மாதம் ஜெனீவாவில் ஜாகுவார் கம்பெனி ஈ-டைப் காரை உலகுக்குக் காட்டியது. அடுத்த ஓராண்டுக்குள் அந்தக் காரில் பானட் பூட்டு வெளியிலிருந்து உள்ளே போனது, பானட்டின் காற்றுத் துளைகள் செய்யப்படும் முறை மாறியது, கால் வைக்கும் தரைத்தகடு பள்ளமாக்கப்பட்டது. இவற்றில் எதையும் புதிய மாடல் என்று கம்பெனி அறிவிக்கவில்லை. கவென்ட்ரி நகரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் ஒரு பாகம் தீர்ந்தது, திருத்திய பாகம் வந்தது, வரிசையில் நின்ற அடுத்த காரில் அதை மாட்டினார்கள். அவ்வளவுதான்.

அதனால் “1961 ஈ-டைப்பில் இது எப்படி இருந்தது?” என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பதில் கிடையாது. கேட்க வேண்டியது, “இந்த சேஸிஸ் எண் கொண்ட கார் எப்படி வெளியே வந்தது?” என்பதுதான். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் வழிகள். 1974 வரை 70,000-க்கும் மேற்பட்ட ஈ-டைப்கள் தயாராயின. ஆகவே ஈ-டைப் என்பதாலேயே ஒரு கார் அரியதாகிவிடாது. வெளிப்பூட்டு வைத்த முதல் 500 கார்களும், பந்தயத்துக்கென்று செய்த 12 ‘லைட்வெயிட்’ கார்களும்தான் அரியவை. இந்த வழிகாட்டிக்கு ஈ-டைப்பை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் ஆவணங்கள் நிறையவே பிழைத்திருக்கின்றன என்பது. இதில் பழகிய கை வேறு எந்தக் காரிலும் வேலை செய்யும்.

முதல் வேலை: ஒன்றும் செய்யாதிருப்பது

கார் கிடைத்த மகிழ்ச்சியில் முதல் நாளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது, துருவைச் சுரண்டுவது, கிழிந்த இருக்கை உறையைப் பிய்த்துக் குப்பையில் போடுவது எல்லாம் நம் ஊர்ப் பட்டறைகளில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் நடப்பவைதான். ஆராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. அழுக்குக்கு அடியில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண் இருக்கலாம். கதவின் உள்பலகைக்குப் பின்னால் தொழிலாளி பென்சிலால் குறித்தது இருக்கலாம். முதல் பெயின்டின் ஒரு திட்டு கம்பளத்துக்கு அடியில் இருக்கலாம். துருவோடு இவையும் போய்விட்டால் எந்தக் காப்பகமும் திருப்பித் தராது. மறுசீரமைப்பு என்ற பெயரில் அழிந்த சான்றுகள், விபத்தில் அழிந்தவற்றைவிட அதிகம் என்பது என் கருத்து.

காரை அப்படியே நிறுத்திவைத்துப் படம் எடுங்கள். முழுக் காரை நான்கு பக்கமும் எடுத்த பிறகு ஒவ்வொரு பாகத்தின் அருகே செல்லுங்கள். திருகின் தலை எப்படி இருக்கிறது, குழாய்க் கவ்வி எந்த வகை, வயர்களின் நிறக் கோடுகள் எவை என்பதெல்லாம் பின்னால் பெரிய செய்திகளாகும். ஒவ்வொரு படத்திலும் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவு தெரியும். கழற்றும் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று சீட்டு கட்டித் தனிப் பையில் போடுங்கள். பயன்படாது என்று தோன்றும் பொருளுக்கும் இதே மரியாதைதான்.

எண்களைப் படிப்பது

ஈ-டைப்பில் நான்கு எண்கள் முக்கியம்: சேஸிஸ், என்ஜின், கியர்பாக்ஸ், பாடி. என்ஜின் அறைக்குள் பொருத்திய ஒரு தகட்டில் இவற்றைச் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். பெரும்பாலோர் அந்தத் தகட்டை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தத் தகட்டுக்கு நகல் விலைக்குக் கிடைக்கிறது. எண்ணைப் பொறித்தும் தருவார்கள். ஆகவே தகடு ஒரு தகவல் மட்டுமே. அதைச் சரிபார்க்க உலோகத்தில் நேரடியாக அடித்த எண்கள் வேண்டும்.

3.8 லிட்டர் கார்களின் சேஸிஸ் எண்ணைப் பார்த்தவுடனேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடலாம். 850001-இல் தொடங்குவது வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட திறந்த கார். 860001-இல் தொடங்குவது வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட கூபே, அதாவது நிலையான கூரை போட்ட கார். 875001 இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட திறந்த கார், 885001 இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட கூபே. 1964-இல் வந்த 4.2 லிட்டர் கார்களின் எண்கள் ‘1ஈ’ என்று தொடங்கும். இந்தச் சிறு அறிவே ஒரு பெரிய வடிகட்டி. ஈ-டைப்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனவை. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து, வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றப்பட்டவை ஏராளம். 3.8 காரில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்து, எண் 875001 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் கார் மாற்றப்பட்டது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அது குற்றம் அல்ல. விற்பவர் அதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம்.

இனி ஒரு சிக்கல். ஈ-டைப்பின் நடுப்பகுதி ஒரே கூடாகச் செய்த உடல். என்ஜினைத் தாங்கும் முன்பகுதி தனிக் குழாய்ச் சட்டம். அது போல்ட் போட்டு உடலோடு பொருத்தப்படுகிறது. சேஸிஸ் எண்ணை அடித்திருப்பது இந்த முன்சட்டத்தின் வலப்பக்கம், ஷாக் அப்சார்பர் பொருத்தும் இடத்துக்கு மேலே. காரின் முதன்மை அடையாளமே கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகத்தில் இருக்கிறது என்று பொருள். மோதி வளைந்த சட்டத்தை நேர்மையாக மாற்றி, பழைய எண்ணைப் புதிய சட்டத்தில் அடித்த கார்களும் உண்டு. அழிந்துபோன காரின் சட்டத்தை மட்டும் எடுத்து வேறொரு உடலில் மாட்டிய கார்களும் உண்டு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்கேதான் பாடி எண்ணின் மதிப்பு தெரியும். 3.8 காரின் பாடி எண் திறந்த காரில் ‘ஆர்’ என்ற எழுத்தோடும், கூபேயில் ‘வி’ என்ற எழுத்தோடும் தொடங்கும். விலை பேசுவோர் இதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆராய்ச்சி செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

என்ஜின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டர் இருக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். அதே எண்ணை சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒத்திருந்தால் ஹெட்டும் பிளாக்கும் சேர்ந்து பிறந்தவை. 3.8 காரின் எண் ‘ஆர்’ என்றும், 4.2-இன் எண் ‘7ஈ’ என்றும் தொடங்கும். கடைசியில் கோடு போட்டு எழுதிய 8 அல்லது 9 என்பது கம்ப்ரஷன் விகிதம். விளம்பரங்களில் எண்ணைச் சொல்பவர்கள் இந்தக் கடைசி இலக்கத்தை விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள்.

எண்ணைப் படிக்கும் முறையிலும் பொறுமை வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, உப்புத்தாள் கூடவே கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண் மீது சிறிது நேரம் ஒட்டிவைத்தால் பழைய கிரீஸ் இளகும். பிறகு மரக்குச்சியால் தள்ளிவிடலாம். நேராக டார்ச் அடித்தால் எண் தெரியாது. விளக்கைத் தகட்டின் விளிம்புக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து இலக்கங்கள் எழும்பி நிற்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குப் பிடிபடாத மெல்லிய கோடும் சில சமயம் தாளில் விழும்.

அடித்த எண்ணைப் பார்க்கும்போது அழகு சந்தேகத்துக்குரியது. ஒவ்வொரு அச்சாகச் சுத்தியலால் அடித்த எண்கள் சற்று ஏறி இறங்கியும், ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் இருப்பது இயல்பு. எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் பளபளவென்று வேறு தேய்மானத்தோடு இருந்தால், அங்கே பழைய எண்ணை அரைத்து எடுத்திருக்கக்கூடும். தனியாக ஒரு காரை வைத்து முடிவு சொல்லாதீர்கள். சற்று முன்பும் பின்பும் உள்ள எண்கள் கொண்ட கார்களின் படங்களைச் சேகரித்து, 3, 4, 7 ஆகிய இலக்கங்களின் வடிவத்தை ஒப்பிடுங்கள். அச்சுகள் அடிக்கடி மாறுபவை அல்ல.

சான்றிதழும் அதன் எல்லையும்

ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை கம்பெனியின் பழைய தயாரிப்புப் பேரேடுகளைக் காத்துவருகிறது. இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் பகுதியில் உள்ள கேடனில் அதன் காப்பகம் இருக்கிறது. உரிமையாளர் விண்ணப்பித்தால் பேரேட்டில் உள்ளதை எடுத்து ஒரு சான்றிதழாகத் தருவார்கள். சேஸிஸ், என்ஜின், கியர்பாக்ஸ், பாடி எண்கள், வெளி நிறம், உள்தோலின் நிறம், திறந்த காரானால் துணிக்கூரையின் நிறம், தயாரான தேதி, அனுப்பிய தேதி, எந்த விநியோகஸ்தருக்குப் போனது என்பவை அதில் இருக்கும். கிழக்கு அமெரிக்காவுக்குப் போன காரானால் ஜாகுவார் கார்ஸ் நியூயார்க், மேற்குக் கரையானால் லாஸ் ஏஞ்சல்ஸ் ஹார்ன்பர்க், லண்டனானால் ஹென்லிஸ் என்ற பெயர்களைப் பார்க்கலாம்.

இதை முதலிலேயே வாங்குங்கள். பெயின்ட் வாங்குவதற்கும், தோல் தைக்கக் கொடுப்பதற்கும் முன்பே. ஆனால் கையில் கிடைத்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அறக்கட்டளை உங்கள் காரை வந்து பார்க்கவில்லை. பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் உண்மையானது என்பதால் அதைக் கையில் வைத்திருப்பவர்தான் அந்தப் பிள்ளை என்று ஆகிவிடாது. அசல் சான்றிதழோடு போலிக் கார் விற்பனைக்கு வரும் வழி இதுதான். பேரேட்டுக்காரரும் மனிதர்தான். எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம். சான்றிதழில் ஒரே ஓர் இலக்கம் மட்டும் காரோடு ஒத்துப்போகவில்லை என்றால், படத்தோடு எழுதிக் கேளுங்கள். மூலப் பேரேட்டை மறுபடி பார்க்க அவர்களுக்கு அது காரணமாகும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ரேடியோ, கண்ணாடி, டயர் போன்ற கூடுதல் பொருள்கள் பேரேட்டில் இல்லாமலேயே போகலாம். அவற்றை ஊர் ஊராக விற்பனையாளர்களே மாட்டிக் கொடுத்தார்கள். “சான்றிதழில் இல்லை, ஆகவே காரில் இருந்ததில்லை” என்று வாதிடுபவர்களிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பாகப் பட்டியல்தான் மாற்றங்களின் டயரி

ஓர் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தால் நான் தேர்ந்தெடுப்பது விளம்பரப் புத்தகத்தையோ, ஓட்டுநர் கையேட்டையோ அல்ல. உதிரி பாகப் பட்டியலைத்தான். 3.8 ஈ-டைப்பின் பட்டியல் ஜே.30 என்ற எண்ணில் வெளியானது. கடைக்காரர் சரியான பாகத்தை அனுப்ப வேண்டுமே என்ற ஒரே கவலையில் எழுதியது அது. அதனால்தான் அதில் பெருமை இல்லை, கதை இல்லை. ஒரு பாகம் மாறியபோதெல்லாம் எந்த சேஸிஸ் எண்ணிலிருந்து புதிய பாகம் என்று குறித்துவைத்திருக்கிறார்கள். டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் அறிக்கைகளையும் சேர்த்துக்கொண்டால் ஒவ்வொரு மாற்றமும் எந்த இடத்தில் நடந்தது என்ற வரைபடம் கையில் வந்துவிடும்.

பானட் பூட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் கார்களில் பானட்டின் இருபுறமும் வெளியே பூட்டு இருந்தது. திறக்க ஆங்கில ‘T’ வடிவச் சாவி ஒன்று வேண்டும். பிறகு காருக்குள்ளிருந்தே திறக்கும் நெம்புகோல் வந்தது. இந்த மாற்றம் நடந்த எண்கள் 850092, 860005, 875386, 885021. கணக்குப் போட்டுப் பாருங்கள். வலப்பக்க ஸ்டியரிங்கில் 91 திறந்த கார்கள், 4 கூபேக்கள். இடப்பக்கத்தில் 385 திறந்த கார்கள், 20 கூபேக்கள். மொத்தம் 500. முன்பு சொன்ன அந்த ‘முதல் 500’ இதுதான். வலப்பக்க ஸ்டியரிங் வெளிப்பூட்டு கூபே ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால், உலகில் நான்கே நான்கில் ஒன்று என்று சொல்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்குத் தகுந்த ஆதாரத்தை நீங்களும் கேட்கலாம்.

பானட்டைக் கழற்றி மாட்ட முடியும் என்பதால் வெளிப்பூட்டு மட்டும் ஆதாரமாகாது. காற்றுத் துளைகளைப் பாருங்கள். தொடக்கக் கால பானட்டுகளில் துளைகளைத் தனித் தகட்டில் அடித்து, அந்தத் தகட்டை பானட்டில் வெல்டு செய்தார்கள். பிறகு பானட் தகட்டிலேயே அச்சால் அடித்தார்கள். பானட்டின் அடிப்பக்கம் கையை வைத்துத் தடவினால் வெல்டு செய்த விளிம்பு விரலில் படும். மேல்பக்கம் பட்டி போட்டு மறைத்தவர்கள் அடிப்பக்கத்தை மறந்துவிடுவது வழக்கம். தரைத்தகடும் இப்படித்தான். 1962-இன் தொடக்கம் வரை தரை சமமாக இருந்தது, பிறகு குதிகாலுக்கு இடம் கொடுத்துப் பள்ளமாக்கினார்கள். இன்று சமதரைக் காருக்கு விலை அதிகம் என்பதால் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கும் கைவண்ணமும் உலாவுகிறது. உட்காரும்போது முழங்கால் முகத்தில் இடிக்கும் வசதிக்குறைவுக்கு இவ்வளவு பணமா என்று கேட்டால், சேகரிப்பாளர் கோபித்துக்கொள்வார்.

இந்த மாற்ற எண்களைக் கத்தி போல வைத்து வெட்டிவிடவும் கூடாது. கார்கள் எண் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டு வெளியேறவில்லை. சில கார்கள் பழுதுக்காக ஒதுங்கி நின்றன, சில நாடுகளுக்கான கார்கள் முந்திச் சென்றன. மாற்ற எண்ணுக்குச் சற்று முன்பும் பின்பும் உள்ள காரில் பழையதும் புதியதும் கலந்திருந்தால், உடனே ‘தவறு’ என்று தீர்ப்பு எழுதாமல் தயாரான தேதியோடு சேர்த்துப் பாருங்கள்.

எந்த நாட்டுக்குப் போன கார் என்பதும் முக்கியம். 1968 முதல் அமெரிக்காவின் புகை விதிகளுக்காக அங்கே போன ஆறு சிலிண்டர் கார்களில் மூன்று எஸ்யு கார்புரெட்டர்களுக்குப் பதில் இரண்டு ஸ்ட்ராம்பர்க் வந்தன. அமெரிக்கக் காரில் மூன்று எஸ்யு மாட்டி ‘அசலுக்குத் திருப்பிவிட்டோம்’ என்று சொல்பவர் உண்மையில் அசலிலிருந்து விலகிப் போயிருக்கிறார். ஓட்டுவதற்கு அதுதான் நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம். சீரிஸ் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டவை என்பதால் அந்தக் காலத்துக் கார்களைப் பலர் ‘சீரிஸ் ஒன்றரை’ என்று அழைப்பார்கள். அது ரசிகர்கள் வைத்த பெயர். தொழிற்சாலை ஆவணத்தில் அதைத் தேடிக் கொண்டிருக்காதீர்கள்.

பாகங்களிலேயே தேதி இருக்கிறது

லூக்காஸ் கம்பெனியின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் போன்றவற்றில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். ‘4 62’ என்றால் 1962 ஏப்ரல். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் இன்னும் நுட்பமான ஒரு குறி உண்டு. பதப்படுத்திய கண்ணாடி என்பதைக் குறிக்க ‘TOUGHENED’ (டஃபன்ட்) என்ற ஆங்கிலச் சொல் ஒன்பது எழுத்துகளில் அச்சாகியிருக்கும். அவற்றில் எந்த எழுத்தின் கீழே ஒரு சிறு புள்ளி இருக்கிறதோ அதன் வரிசை எண்தான் ஆண்டின் கடைசி இலக்கம். முதல் எழுத்தின் கீழ் என்றால் 1, இரண்டாவதின் கீழ் என்றால் 2. எந்தப் பத்தாண்டு என்று அது சொல்லாது. 1962-ஆ 1972-ஆ என்பதைக் காரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பூதக்கண்ணாடியும் பின்னால் பிடிக்க ஒரு வெள்ளைத் தாளும் இருந்தால் புள்ளி தெரியும்.

இதில் ஒரு தர்க்கத்தை மறக்கக் கூடாது. சான்றிதழில் கார் 1962 மே மாதம் தயாரானதாக இருந்து, டைனமோவில் ‘9 63’ என்று இருந்தால் டைனமோ மாற்றப்பட்டது உறுதி. மாறாக ‘3 62’ என்று இருந்தால், அது அந்தக் காரோடு வந்தது என்று ஆகிவிடாது. அந்த மாதத் தேதி கொண்ட டைனமோவை எங்கிருந்தோ வாங்கி மாட்டியிருக்கலாம். பாகத்தின் தேதி ஒன்றை மறுக்க நன்றாக உதவும், நிரூபிக்க அரைகுறையாகத்தான் உதவும். ஆனால் கண்ணாடி, டைனமோ, ஸ்டார்ட்டர் என்று நான்கைந்து பாகங்கள் அடுத்தடுத்த சில மாதங்களுக்குள் தேதி காட்டி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான தேய்மானமும் இருந்தால் நம்பிக்கை கூடும்.

நிறம்

அறுபதுகளின் ஜாகுவார் நிறங்களில் ‘ஓபலெசென்ட்’ என்ற வகை உலோகத் துகள் கலந்தது. சில்வர் புளூ, கன்மெட்டல், டார்க் கிரீன் என்று பல. பேரேட்டில் நிறத்தின் பெயர் கிடைக்கும், அந்த நிறம் கண்ணுக்கு எப்படி இருந்தது என்பது கிடைக்காது. இன்றைய பெயின்ட் கடையின் குறியீட்டு எண்ணில் கலந்து கொடுப்பது பெரும்பாலும் அதிகப் பளபளப்போடும், துகள் பெரிதாகவும் இருக்கும். வெயிலும் மெருகும் படாத இடத்தில் முதல் பெயின்டைத் தேடுங்கள். மீட்டர்ப் பலகைக்குப் பின்னால், ஹீட்டர் பெட்டிக்கு அடியில், பக்கப் பலகைகளுக்கு உள்ளே. கார் முழுக்கச் சிவப்பாகவும் மீட்டருக்குப் பின்னால் சாம்பல் நீலமாகவும் இருந்தால் எந்த விளக்கமும் தேவையில்லை. கதவு விளிம்பில் உரிந்த ஓர் இடத்தில் மிக நுண்ணிய தாளால் வட்டமாக, விரல்நுனி அளவுக்குத் தேய்த்தால் அடுக்குகள் வளையங்களாகத் தெரியும். இந்த ஓரிடத்தில் மட்டும் தேய்க்க அனுமதி.

உள்தோலுக்கும் இதே வழி. இருக்கையின் அடிமடிப்பில் சூரியன் படாத தோல் கிடைக்கும். தையல் ஓர் அங்குலத்துக்கு எத்தனை, விளிம்பில் ஓடும் பைப்பிங் எந்த நிறம் என்பதைக் குறித்துக்கொண்டு, ஒரு துண்டைக் காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள். தையல்காரரிடம் படத்தைக் காட்டுவதைவிடத் துண்டைக் காட்டுவது மேல். தொடக்கக் கால 3.8 காரில் டேஷ்போர்டின் நடுவே அலுமினியத் தகடு பளிச்சிடும், 4.2-இல் கறுப்பு. விலைக்கு வாங்கிய நகல் அலுமினியத்தை 4.2 காரில் ஒட்டி அழகு பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பழைய படங்களை எவ்வளவு நம்பலாம்

அளவாக நம்பலாம். கம்பெனி வெளியிட்ட பத்திரிகைப் படங்களில் இருப்பவை பல சமயம் முன்மாதிரிக் கார்கள். ஜெனீவா அறிமுகத்தோடு புகழ்பெற்ற 9600 எச்பி என்ற பதிவெண் கொண்ட கூபேயும், ஜாகுவாரின் சோதனை ஓட்டுநர் நார்மன் டியூயிஸ் கவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போன 77 ஆர்டபிள்யூ என்ற பதிவெண் கொண்ட திறந்த காரும் அப்படிப்பட்டவை. பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்க்கவென்றே தயாரானவற்றை வைத்துக் கடையில் விற்ற காரை அளக்க முடியாது. விளம்பரப் புத்தகங்களில் இருப்பதோ ஓவியர் திருத்தியது. மாறாக, ஒரு குடும்பம் 1963-இல் வீட்டு வாசலில் நின்று எடுத்துக்கொண்ட மங்கலான படம் தங்கம். பின்னணியில் தெரியும் நம்பர் பிளேட், சக்கரத்தின் வகை, கண்ணாடி மாட்டிய இடம் எல்லாம் யாரும் நிரூபிக்க நினைக்காமல் பதிவானவை.

அப்படிப்பட்ட படம் கிடைக்கப் பழைய உரிமையாளர்களைத் தேட வேண்டும். பிரிட்டனில் ஓடிய காரானால் கணினிக்கு முந்தைய பதிவுப் புத்தகம் இருக்கும். அதில் உரிமையாளர்களின் வரிசையும் முத்திரைகளும் கிடைக்கும். உள்ளாட்சிகளின் பதிவேடுகள் பல அழிந்துவிட்டன. எஞ்சியவை மாவட்டக் காப்பகங்களிலும் கிட்ஹெட் அறக்கட்டளையிலும் இருக்கின்றன. முன்னாள் உரிமையாளரிடமோ அவர் பிள்ளைகளிடமோ பேசும்போது விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். “வெளிப்பூட்டு இருந்ததுதானே?” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் வரும். “பானட்டை எப்படித் திறப்பீர்கள்?” என்று கேளுங்கள். சாவியைத் தேடி அலைந்த கதை தானாக வரும், அல்லது வராது. இரண்டுமே விடைதான்.

இந்தியாவில் இருக்கும் பழைய வெளிநாட்டுக் கார்களுக்கு ஆர்சி புத்தகமும் இன்ஷூரன்ஸ் காகிதங்களும் முதல் ஆதாரம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உதிரி பாகம் கிடைக்காமல் உள்ளூர்க் கார்களின் பாகங்களை மாட்டி ஓட்டினார்கள். ஆகவே என்ஜின் மாற்றம் ஆர்சி புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி 50 வயது கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம். சேஸிஸ், உடல், என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கிறது. இந்த ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கல்ல என்று வீட்டில் சொல்ல இது ஒரு காரணம்.

ஜாகுவார் அல்லாத கார்கள்

எம்ஜி, ஆஸ்டின், மோரிஸ், டிரையம்ஃப் போன்றவற்றுக்குக் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இதேபோன்ற சான்றிதழ் தருகிறது. மெர்சிடிஸுக்குத் தரவு அட்டை உண்டு. கூடுதல் வசதிகள்கூடக் குறியீட்டு எண்களாக அதில் இருப்பதால் ஜாகுவார்க்காரர்கள் பொறாமைப்படலாம். பழைய போர்ஷேக்களுக்கு ‘கார்டெக்ஸ்’ என்ற அட்டைகள். அமெரிக்க ஃபோர்டு கார்களில் 1967 முதல் வந்தவற்றுக்கு மார்ட்டி அறிக்கை, பான்டியாக் கார்களுக்கு பிஎச்எஸ் என்ற நிறுவனம் தரும் ஆவணங்கள். கிரைஸ்லர் வகைக் கார்களில் தொழிற்சாலைத் தாள் இருக்கை ஸ்பிரிங்குகளுக்குள் செருகப்பட்டபடியே கிடைப்பதுண்டு. இருக்கையைப் பிரிக்கும்போது உதறாமல் பிரியுங்கள்.

முரண்பாடு வரும்போது

வரத்தான் செய்யும். பேரேடு நீலம் என்கிறது, மீட்டருக்குப் பின்னால் பச்சை இருக்கிறது. இந்த இடத்தில் பலர் தங்களுக்குப் பிடித்த சான்றை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தாள் போடுங்கள். என்ன சொல்லப்படுகிறது, எதை வைத்து, அந்தச் சான்று எந்த ஆண்டைச் சேர்ந்தது, காரோடு நேரடியாகத் தொடர்புள்ளதா அல்லது அதே வகைக் கார்களைப் பற்றிய பொதுத் தகவலா என்று எழுதுங்கள். பக்கத்தில் ‘உறுதி’, ‘ஏற்கத்தக்கது’, ‘ஊகம்’ என்று மூன்றில் ஒன்று. பேரேட்டுக்கும் பெயின்டுக்கும் சண்டை என்றால் இரண்டு வாய்ப்புகளையும் சோதியுங்கள். எழுத்துப் பிழையா, அல்லது அந்த உடலே வேறு காருடையதா? பாடி எண் அங்கே தீர்ப்புச் சொல்லும்.

தொழிற்சாலை என்ற சொல்லையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். லைட்வெயிட் ஈ-டைப் 18 செய்யத் திட்டமிட்டு, 12 மட்டுமே 1963, 64-இல் தயாராயின. மீதி ஆறு எண்களைப் பயன்படுத்தி, 2014-இல் அறிவித்து, ஜாகுவாரே ஆறு கார்களைச் செய்தது. செய்தது அதே கம்பெனி, எண்ணும் அசல் வரிசையைச் சேர்ந்தது, காலம் மட்டும் ஐம்பது ஆண்டு தள்ளி. ‘தொழிற்சாலை லைட்வெயிட்’ என்று ஒருவர் சொன்னால் எந்தப் பன்னிரண்டு அல்லது எந்த ஆறு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, சேகரித்ததை என்ன செய்வது? கிளப்புகளின் கார்ப் பதிவேடுகளுக்குப் படத்தோடு அனுப்புங்கள். அடுத்து வரும் ஆராய்ச்சியாளருக்கு உங்கள் கார்தான் ஒப்பீட்டு மாதிரி. ஆனால் அடித்த எண்களின் தெளிவான நெருக்கப் படத்தைப் பொதுவெளியில் முழுதாகப் போட வேண்டாம். போலி செய்பவருக்கு அச்சின் வடிவமும், ஆழமும், இடைவெளியும் இலவசமாகக் கிடைத்துவிடும். கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்து வெளியிடுங்கள். முழுப் படத்தைப் பதிவேட்டாளரிடம் மட்டும் கொடுங்கள். ஒரு நகலைக் காருக்குள் வைக்காமல் வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள். காரோடு கோப்பும் திருடு போனால் இது உங்கள் கார் என்று காட்ட அந்த நகல்தான் மிஞ்சும்.